குழாயின் அந்த முனை

டிரெய்லரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய இடத்தில் அதை மட்டம் பார்த்து உட்கார வைப்பது வேறு வேலை. முதல் வேலையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாவதைப் பற்றி, அதைச் செய்கிறவர்கள் மட்டும்தான் பேசுவார்கள்.

கனடாவில் கோடை வந்துவிட்டால் சாலையெங்கும் இந்த வண்டிகளைப் பார்க்கலாம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. என்னுடையது 16 அடி நீளம், ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஃப்ரிட்ஜ். காரின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கு அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். காட்டுக்குள் அரசாங்கம் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு வாடகை கட்டி, அங்கே நிறுத்தி, மூன்று நாள் நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம்.

காட்டுக்குள் தரை வீட்டுத் தரை மாதிரி இருக்காது. வேர் ஓடியிருக்கும், பாறை எட்டிப் பார்க்கும், மழை அரித்த பள்ளம் இருக்கும். சரிந்த தரையில் வண்டி சரிந்து நிற்கும். நிற்கட்டுமே என்று விட முடியாது. தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் ரத்தமெல்லாம் தலைக்கு ஏறியதுபோல விடியும். தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு ஓரமாய் ஒதுங்கி நிற்கும். கழுவிய தண்ணீர் தொட்டியில் ஒரு மூலையில் தேங்கும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் பொறுத்துக்கொள்ளாது.

கேஸில் ஓடும் இந்தப் பழைய வகை ஃப்ரிட்ஜுக்குள் மோட்டார் கிடையாது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த முறை அது. அடியில் ஒரு சிறு சுடர் எரியும். அந்தச் சூட்டில் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே ஏறும், குளிர்ந்து திரவமாகி இறங்கும், ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும், பிறகு மறுபடியும் தண்ணீரில் கரைந்து வழிந்து அடிக்கு வரும். வழிந்து வருவதற்குப் புவியீர்ப்பை விட்டால் வேறு துணை இல்லை. வண்டி சரிந்து நின்றால் வழிய வேண்டியது வழியாமல் தங்கும். அடியில் சூடு கூடி, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் உப்பு படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். அடைத்தது அடைத்ததுதான், மாற்ற வேண்டும். பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை வரை சரிவைத் தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. இப்போது வரும் மோட்டார் வைத்த ஃப்ரிட்ஜுகளுக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது. என்னுடையது பழசு.

மட்டம் பார்ப்பதில் வரிசை முக்கியம். முதலில் பக்கவாட்டு மட்டம். அது காரோடு மாட்டியிருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்ற வேண்டும். அடுத்தது இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டு. முட்டுக் கொடுக்காமல் காரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள வீடு சரிவில் தானாக உருளத் தொடங்கினால் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. முட்டு வைத்த பிறகுதான் கழற்றுவது. கழற்றிய பின் மூக்கில் இருக்கும் ஜாக்கைச் சுற்றி ஏற்றியோ இறக்கியோ முன்பின் மட்டம். கடைசியாக நான்கு மூலைக் கால்கள். அவை வண்டி ஆடாமல் இருப்பதற்கு மட்டும். தூக்குவதற்கு என்று நினைத்து அவற்றை முறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு சாத்தாது. மண் இளகியிருந்தால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகை.

இவ்வளவுதான். இதில் பெண்ணால் முடியாதது எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த முகாமுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். ஆண் ஓட்டுநர் இருக்கையில். பெண் பின்னால், கொசுக்கடியில் நின்று கை காட்டிக்கொண்டு. இடது, இன்னும் இடது, நிறுத்து. அவன் கண்ணாடியில் அவளைத் தேடுவான், காணோம் என்று கத்துவான். அவள் கத்துவாள். பக்கத்து இடத்துக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். முகாமில் கணவன் மனைவி போடும் முதல் சண்டை வண்டி நிறுத்தும் சண்டை என்பது அங்கே எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை. கோணலாக நின்றால் அவள் சரியாகச் சொல்லவில்லை. நேராக நின்றால் அவன் நன்றாக ஓட்டினான். நானும் ஆறு கோடை பின்னால் நின்றிருக்கிறேன்.

பின்னால் நிற்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்குத் தெரிவது இரண்டு கண்ணாடியில் விழும் இரண்டு துண்டுதான். இரண்டு சக்கரமும், அவற்றுக்கு அடியில் இருக்கும் மண்ணும், எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதும் பின்னால் நிற்பவளுக்குத்தான் தெரியும். ஆறு வருடம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நம்பலாம், அவளைத் தவிர.

பிரிவுக்கு நாங்கள் விண்ணப்பித்தபோது சொத்துப் பட்டியல் போட்டார்கள். டிரெய்லர் எனக்கு வேண்டும் என்றேன். அவர் தரப்பிலிருந்து வந்த கடிதத்தில், அதை நிறுத்தி மட்டம் பார்க்கக்கூட எனக்குத் தெரியாது, விற்றுப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்று இருந்தது. வக்கீல் அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பங்கிலிருந்து 11,000 டாலரைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதச் சொன்னேன். ஒரு மாதம் ஞாயிறு காலைகளில், கடை திறப்பதற்கு முன், ஒரு பெரிய கடையின் காலியான வண்டி நிறுத்துமிடத்தில் பின்னோக்கி ஓட்டிப் பழகினேன். மட்டம் பார்ப்பதைப் பழக வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே கையில் இருந்தது.

தனியாகப் போகத் தொடங்கிய பிறகுதான் உதவிக்கு வருகிறவர்களைச் சந்தித்தேன். நல்ல மனிதர்கள், சந்தேகமே இல்லை. நான் கட்டையை எடுத்துக் குனிந்தால் போதும், எங்கிருந்தோ ஒருவர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். கேட்டுவிட்டு வாங்குவதில்லை. ஒருமுறை, நான் மட்டம் பார்த்து முடித்து, முட்டு வைத்து, காரைக் கழற்றி, தேநீரும் போட்ட பிறகு ஒருவர் வந்து தன் ரசமட்டத்தை என் வண்டியின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தச் சலிப்பு எனக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 1999-ல் இரண்டு சகோதரிகள் தொடங்கிய 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை' என்ற குழு இன்று ஆயிரக்கணக்கான பெண்களாகப் பெருகியிருக்கிறது. பழைய டிரெய்லர்களைத் தாங்களே வண்ணம் அடித்து, தாங்களே இழுத்துக்கொண்டு, ஆண்கள் இல்லாமல் ஊர் ஊராகப் போகிறார்கள். படங்களில் எனக்குப் பிடித்தது வண்டிகளின் வண்ணம் அல்ல. வரிசையாக நிற்கும் எல்லா வண்டியும் மட்டமாக நிற்பது.

ரசமட்டம் என்று எழுதினேன். இங்கே பிறந்து வளர்ந்த என் தோழிகளின் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது. 17-ஆம் நூற்றாண்டில் தெவனோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த அந்தக் கண்ணாடிக் குப்பிக்கு, உள்ளே சாராயமும் ஒரு காற்றுக் குமிழும் உள்ள அந்தச் சாமானுக்கு, எங்கள் ஊர்க் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர் அது. எனக்கு அந்தச் சொல் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா மதுரைப் பக்கம் கட்டட வேலையில் 27 வருடம் சித்தாளாக இருந்தவள்.

சித்தாள் என்றால் சின்ன ஆள். கரணை பிடிப்பவர் கொத்தனார். சித்தாள் மணல் சலிப்பாள், கலவை போடுவாள், செங்கல்லும் கலவைச் சட்டியும் சும்மாட்டில் வைத்துச் சாரத்தில் ஏறுவாள். வேலைக்கு வந்த பையன் நான்கைந்து வருடத்தில் கரணையை எடுத்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அம்மாவுக்குக் கீழே கலவை சுமந்த பையன்கள் அம்மாவை வேலை வாங்கும் மேஸ்திரிகள் ஆனதை நான் பார்த்திருக்கிறேன். பெண் 27 வருடம் கழித்தும் சித்தாள்தான். கூலி கொத்தனாருக்கு 80 ரூபாயாக இருந்த காலத்தில் அம்மாவுக்கு 35.

1976-ல் இந்தியாவில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. கட்டட வேலையில் அந்தச் சட்டத்தை யாரும் மீற வேண்டிய தேவையே வரவில்லை. வேலைக்கு வேறு பெயர் இருந்தது, போதாதா? 1996-ல் கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது, வாரியம், அட்டை எல்லாம் உண்டு. அம்மாவின் அட்டையிலும் வேலை சித்தாள் என்றுதான் இருக்கிறது. முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு ஜார்கண்ட் சாட்சி. அங்கே கழிப்பறை கட்டும் திட்டத்துக்குக் கொத்தனார் போதாமல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்று பெயர். ஆள் போதாதபோது திறக்கிற கதவு, ஆள் போதும் என்கிறபோது ஏன் மூடிக்கிடந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அம்மாவுக்கு மட்டம் தெரியும். எப்படித் தெரியும் என்றால், நீளமான சுவரின் இரண்டு கோடியிலும் ஒரே உயரத்தில் குறி போட வேண்டுமென்றால் ரசமட்டம் பத்தாது. டியூப் மட்டம் வேண்டும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சித்தாள் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்பாள். மறுமுனையோடு கொத்தனார் அடுத்த மூலைக்குப் போவார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும், இடையில் குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும். அம்மா தன் முனையில் தண்ணீரைக் குறிக்கு நேராக நிறுத்தி, "நிக்கிது" என்று குரல் கொடுப்பாள். கொத்தனார் தன் முனையில் கோடு போடுவார். அம்மாவின் கை அசைந்தால் அங்கே கோடு தப்பும். "ஏ புள்ள, ஆடாமப் புடி" என்று அங்கிருந்து சத்தம் வரும். மதுரையில் எத்தனையோ வீடுகளின் தளம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடங்களில்தான் மட்டமானது. கோடு போடும் பென்சிலை ஒரு தடவைகூட அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை.

தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்கிறோம். மட்டம் என்றால் சமம். மட்டமானது என்றால் தரம் தாழ்ந்தது. ஒருவரை மட்டம் தட்டுவது என்றால் அவமானப்படுத்துவது. தளம் போட்டவுடன் கட்டையால் தட்டி மேடு பள்ளத்தைச் சமமாக்குவதும் மட்டம் தட்டுவதுதான். கட்டட வேலையில் இருந்த பெண்கள் இரண்டு அர்த்தத்தையும் ஒரே நாளில் கேட்டு வீட்டுக்கு வருவார்கள்.

அம்மா போன வருடம் ஆகஸ்டில் டொரொண்டோவுக்கு வந்தாள். பிரிந்ததை அவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் போனில் சொல்லியிருந்தேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டியா என்று கேட்டாள். வந்த பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் இல்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. இரண்டாவது வாரம் அவளை டிரெய்லரில் கில்பேர் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில், இளஞ்சிவப்புப் பாறையும் காற்றில் ஒரு பக்கமாகவே சாய்ந்துபோன பைன் மரங்களுமாக இருக்கும் இடம். மசசாகா என்ற விரியன் பாம்பு உண்டு, பார்த்து நட என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "நம்மூர்ல இல்லாததா" என்றாள்.

எங்களுக்குக் கிடைத்த இடம் ஏரிப்பக்கமாகச் சரிந்திருந்தது. வண்டியைப் பின்னோக்கி விட்டு நிறுத்தி, கதவைத் திறந்து, தரையில் என் இரண்டடி ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் வலப்பக்கம் ஓடியது. குமிழ் எப்போதும் மேட்டுக்குத்தான் போகும், ஆக இடப்பக்கம் தாழ்வு. மட்டத்தின் தாழ்ந்த முனையைக் குமிழ் நடுவுக்கு வரும்வரை தூக்கி, அடியில் இருந்த இடைவெளியை அளந்தேன். 1 சென்டிமீட்டர். சக்கரத்துக்குச் சக்கரம் ஆறடி. மூன்று மடங்கு, ஆக 3 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். இப்படித்தான் எப்போதும் கணக்குப் போடுவேன். சரியாகவே வரும்.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டடி மட்டத்த வச்சு ஆறடிக்குக் கணக்குப் பாக்குறியா? இங்க ஒரு நூல் தப்புனா அங்க மூணு நூல் தப்பும்."

"போதும்மா. வீடா கட்டுறோம்?"

"வீடுதான. நீ இதுலதான தூங்குற." வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "டியூப்பு இல்லையா?"

இருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வதற்காக வாங்கிய பதினைந்தடிப் பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி மாதிரி தெளிவானது. அதை அவள் கையில் கொடுத்ததும் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. குழாயைத் தரையில் நீட்டி, செம்பால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, நகத்தால் தட்டித் தட்டி உள்ளே தங்கிய குமிழையெல்லாம் வெளியேற்றினாள். ரசமட்டத்தில் குமிழ் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். டியூப்பில் ஒரு குமிழ் தங்கினாலும் கணக்குப் பொய்யாகிவிடும். பிறகு இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது.

"நீ அந்தப் பக்கம் போ."

குழாயைச் சக்கரத்துக்குப் பின்னால், வண்டிக்கு அடியில் விட்டோம். நான் வலப்பக்கம், வண்டியின் உடம்பு முடிகிற அலுமினிய விளிம்புக்கு நேராகத் தண்ணீரை நிறுத்தினேன். "நிக்கிதும்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. விளிம்புக்கு மேலே தண்ணீர் நின்ற உயரத்தை அவள் விரலால் அளந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணரை இஞ்சி. இது ஏழடி அகலம். சக்கரத்துக்குப் பாத்தா ஒண்ணேகால் வரும், ஒரு மயிரிழை கூட."

3 சென்டிமீட்டர் என்ற என் கணக்குக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம்.

ஏற்றும்போதுதான் ஆள் தேவைப்பட்டது. என்னிடம் இருப்பது வளைந்த ஏற்றுக்கட்டை. சக்கரம் அதன்மேல் ஏற ஏற உயரம் கூடும், வேண்டிய இடத்தில் நிறுத்தி அடியில் ஆப்பு வைக்கலாம். நான் காரில் இருக்க வேண்டும். டியூப்பின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அந்த நேரத்துக்குப் பக்கத்து இடத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், பேஸ்பால் தொப்பி, கையில் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை. நான் சொல்கிறேன், இப்படி வைத்தால் சுலபம் என்று ஆரம்பித்தார்.

"என்னங்குறாரு?" என்றாள் அம்மா.

"உதவி பண்ணட்டுமான்னு கேக்குறாரு."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வலப்பக்கம் கிடந்த குழாய் முனையைக் காட்டினாள். "அதப் புடிக்கச் சொல்லு."

அவர் மஞ்சள் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தார். நான் அரை அடி ஏற்றி நிறுத்துவேன். நிறுத்தி, பிரேக் போட்ட பிறகுதான் இருவரும் கிட்டே போய்த் தண்ணீரைப் பார்ப்பார்கள். மூன்றாவது தடவை கண்ணாடியில் பார்த்தேன், அம்மா கையைத் தூக்கியிருந்தாள். ஆனால் போதும் என்பதற்காக இல்லை.

"அவரு கை ஆடுது. ஆடாமப் புடிக்கச் சொல்லு."

நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முழங்கையை வண்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இன்னும் ஒரு சாண் ஏற்றினேன். "போதும்" என்றாள் அம்மா. இறங்கிப்போய் ஆப்பு வைத்தேன், முட்டு வைத்தேன். முகாம் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, சக்கரம் நின்ற இடத்தில் கட்டையின் விளிம்பில் அம்மா ஒரு கோடு போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மூக்கு ஜாக்கைச் சுற்றுவது, மூலைக்கால் இறக்குவது எல்லாம் பத்து நிமிட வேலை. அன்றைக்கு ஃப்ரிட்ஜ் முதல் தட்டிலேயே பற்றிக்கொண்டது. ராத்திரி அம்மா கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் காயிதத்துல ஒனக்கு இத நிறுத்தத் தெரியாதுன்னா எழுதியிருந்தாக?"

அதை நான் அவளிடம் சொன்னதில்லை. தங்கை சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்றேன். அவள் தைலத்தை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் ஏரியின் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த ஊர்ல சித்தாளு கொத்தனாராக முடியுமா?"

"முடியும்மா. பயிற்சிக்குச் சேரணும். வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம், கூலியும் உண்டு."

"பொம்பளைங்க சேர்றாகளா?"

"சேர்றாங்க. கொஞ்சப் பேருதான்."

"எம்புட்டு வருசம் ஆகும்?"

"ஒரு மூணு வருசம்."

"மூணு வருசந்தானா" என்றாள் அம்மா.